பெர்லினில் ஓர் இரவல் திண்ணை

பெர்லின் நகரின் நடுவில் ஸ்ப்ரே ஆறு இரண்டாகப் பிரிந்து, அருங்காட்சியகங்கள் நிறைந்த ஒரு தீவை அணைத்துக்கொண்டு போகிறது. அந்தக் கிளையாற்றின் கரைக்குச் செப்பு அகழி என்று பொருள்படும் பழைய பெயர் ஒன்று உண்டு. கரையை விட்டு டோரோதேயன் தெருவுக்குள் திரும்பினால் வெண்ணிறக் கனசதுரம் போன்ற ஒரு கட்டடம் நிற்கிறது. ஹங்கேரிய அரசின் பண்பாட்டு இல்லமான கொலேகியம் ஹங்காரிகம் அது, 2007இல் திறக்கப்பட்டது. இந்த மனையில் முன்பு ஒரு மாளிகை இருந்தது. 1924இல் ஹங்கேரி அதை வாங்கித் தன் மாணவர்களைத் தங்கவைத்தது. இருபது ஆண்டுகளில் போர் அதைச் சுவடில்லாமல் செய்தது. அங்கிருந்து சில நிமிட நடையில் ஹும்போல்ட் பல்கலைக்கழகம். அங்கே இன்றும் ஹங்கேரிய மொழியும் இலக்கியமும் கற்பிக்கப்படுகின்றன. துறையின் பெயர்ப்பலகையில் ஸ்லாவியமும் ஹங்கேரியமும் சேர்ந்தே இருக்கும். ஸ்லாவிய மொழிகளுக்கும் ஹங்கேரிய மொழிக்கும் குடும்ப உறவு எதுவும் கிடையாது. மாணவர் தொகையும் செலவுக் கணக்கும் பார்த்து ஒரே கூரையின் கீழ் குடிவைத்திருக்கிறார்கள். சிறிய மொழிகளின் துறைகளுக்கு உலகெங்கும் இப்போது நேரும் கதிதான். இதைப் பற்றிக் கவலைப்பட்டுப் பேசுகிறவர்களின் குரல் நம் காதில் விழும்போது, அந்தத் துறை பிறந்த குளிர்காலத்தை நினைத்துக்கொள்வது மனத்துக்குச் சற்று நிதானம் தருகிறது.

அது 1916. முதல் உலகப் போரின் மூன்றாம் ஆண்டு. உருளைக்கிழங்கு விளைச்சல் பொய்த்து, மாட்டுக்குப் போடும் டர்னிப் வகைக் கிழங்கை பெர்லின் மக்கள் மூன்று வேளையும் வேகவைத்துத் தின்ற காலம். ஜெர்மன் நினைவில் அந்தக் குளிர்காலத்துக்கே அந்தக் கிழங்கின் பெயர் நிலைத்துவிட்டது. அந்த ஆண்டில்தான் 29 வயதுகூட நிரம்பாத ரோபர்ட் கிராகர் என்ற இளைஞர், அப்போது ஃபிரெடரிக் வில்லியம் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்பட்ட அந்த இடத்தில், ஹங்கேரிய மொழிக்கும் இலக்கியத்துக்கும் பேராசிரியராக அமர்ந்தார். அடுத்த ஆண்டு அவரைச் சுற்றி ஹங்கேரிய நிறுவனம் உருவானது. பட்டினியில் கிடந்த நகரம் ஒரு சிறிய மொழிக்கு நாற்காலி போட்டுக் கொடுத்ததற்குக் காரணம் மொழிப்பற்று ஒன்றே என்று எண்ணிவிட வேண்டாம். ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் ஒரே அணியில் நின்று போரிட்டன. தோழமை நாட்டின் மொழி, சட்டம், பொருளியல், மனப்போக்கு எல்லாம் தெரிந்த ஆட்கள் பெர்லினுக்குத் தேவைப்பட்டார்கள். பிரஷ்யக் கல்வி அமைச்சகத்தில் அப்போது பணியாற்றி, பின்னர் அமைச்சரே ஆன கீழைத்தேயவியலாளர் கார்ல் ஹைன்ரிஷ் பெக்கர் இந்த முயற்சிக்கு ஆதரவு தந்தார். இரண்டு ஆண்டுகளில் போர் முடிந்தது. இரு பேரரசுகளும் மண்ணோடு மண்ணாயின. எந்தக் கூட்டணிக்காக நிறுவனம் தொடங்கப்பட்டதோ அந்தக் கூட்டணியே இல்லாமல் போனது. நிறுவனம் மட்டும் இருந்தது.

இந்தக் கதையைச் சொல்ல 1916 போதாது. இன்னும் பின்னால் போக வேண்டும். ஜெர்மன் மண்ணில் ஹங்கேரியர் படிக்க வந்த தடம் பழையது. லூத்தரின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு விட்டன்பெர்க் நகருக்குத் தலைமுறை தலைமுறையாக ஹங்கேரிய மாணவர்கள் நடந்தும் வண்டியேறியும் வந்தார்கள். அங்கேயே வாழ்ந்து மறைந்த மிஹாய் கஷ்ஷாய் என்ற அறிஞர், ஹங்கேரியைப் பற்றித் தாம் சேர்த்த நூல்களையெல்லாம் தம் நாட்டு மாணவர்களுக்கென்று 1725இல் விட்டுச் சென்றார். பின்னர் விட்டன்பெர்க் பல்கலைக்கழகம் ஹாலே பல்கலைக்கழகத்தோடு இணைந்தபோது அந்த நூல்களும் ஹாலே நகருக்கு வந்து சேர்ந்தன. ஹாலே என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஹாலேயில் ஃபிராங்கேயின் பள்ளியோடு தொடர்புடையவர். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் அனுப்பிய தமிழ் ஓலைச்சுவடிகள் அங்கே ஃபிராங்கேயின் நிறுவனத்தில் இருக்கின்றன. அதே ஃபிராங்கேயிடம் படித்தவர்தான் ஹங்கேரியின் நிலத்தையும் ஊர்களையும் மக்களையும் விரிவாக எழுதிவைத்த மத்யாஷ் பேல். ஒரு சிறிய ஜெர்மன் நகரத்தில் காவிரிக் கழிமுகத்து ஏடுகளும் டான்யூப் கரை நூல்களும் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஒன்றாக உறங்குகின்றன என்பதை நினைக்கும்போது, நம்மிடம் இல்லாத நம் நினைவுகளை யார் யாரோ காத்து வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு நன்றியும் ஏக்கமும் கலந்து எழுகிறது.

ஹங்கேரிய மொழி யாருடைய உறவு என்ற கேள்விக்கு விடை கிடைத்த விதமும் இப்படி ஒரு தொலைதூரப் பயணத்தில்தான். 1769இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் பார்ப்பதற்காக, டென்மார்க் மன்னரின் அழைப்பில் மாக்சிமிலியன் ஹெல் என்ற ஏசுசபை வானியலாளர் நார்வேயின் வடகோடியான வர்டோ தீவுக்குப் போனார். நம் தரங்கம்பாடியில் கோட்டை கட்டி ஆண்டுகொண்டிருந்த அதே டென்மார்க் அரசுதான். ஹெல்லோடு துணையாகப் போன ஹங்கேரியப் பாதிரியார் யானோஷ் ஷைனோவிச், அங்கே துருவத்து இருளில் வாழும் சாமி மக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார். தன் தாய்மொழியின் சாயல் அதில் இருந்தது. ஹங்கேரிய மொழியும், லாப்பியர் என்று அப்போது அழைக்கப்பட்ட அந்த மக்களின் மொழியும் ஒன்றே என்று வாதிடும் நூலை 1770இல் கோபன்ஹேகனில் வெளியிட்டார். வான்கோளைப் பார்க்கப் போனவர் கையில் மொழிக்குடும்பம் ஒன்று கிடைத்தது. 1799இல் ஷாமுயெல் ட்யார்மதி கோட்டிங்கென் நகரில் வெளியிட்ட நூல் இதை இலக்கண அமைப்பின் அடிப்படையில் விரித்து நிறுவியது. இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஒப்புமைகள் இவை: கைக்கு ஹங்கேரியத்தில் கேஸ், ஃபின்னிய மொழியில் கேசி, தண்ணீருக்கு வீஸ், வேசி, குருதிக்கு வேர், வேரி, மீனுக்கு ஹல், கலா.

இந்த உறவை ஹங்கேரியர் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை. குதிரையேறி வந்த வீரர்களின் வழித்தோன்றல்கள் என்று தங்களை எண்ணிக்கொண்ட ஒரு மக்களுக்கு, பனிக்கட்டியில் மீன் பிடிப்பவர்களோடு உறவு என்பது கசந்தது. மீன் நாறும் உறவு என்று ஏளனமாகச் சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துருக்கிய உறவா, உக்ரிய உறவா என்று அறிஞர்களிடையே பெரும் வழக்கே நடந்தது. உக்ரியத் தரப்பில் நின்று முறையான ஒப்பியல் ஆய்வால் அந்த வழக்கை வென்றவர் யோசெஃப் புடென்ஸ் என்ற ஜெர்மானியர். கோட்டிங்கெனில் படித்து, 1858இல் ஹங்கேரிக்கு வந்து, அங்கேயே மண்ணாகிப் போனவர். ஜெர்மனியிலிருந்து ஒருவர் போய் ஹங்கேரியரின் வேர்களைத் துலக்கினார். அடுத்த தலைமுறையில் ஹங்கேரியிலிருந்து ஒருவர் வந்து ஜெர்மனியில் ஹங்கேரியின் வீட்டை அமைத்தார். இந்தக் கொடுக்கல் வாங்கலின் நடுவே வைத்துப் பார்த்தால்தான் கிராகரின் நாற்காலி எதன் தொடர்ச்சி என்பது விளங்கும்.

கோட்டிங்கெனுக்கு 1816இல் வந்து சேர்ந்த மற்றொரு மாணவரையும் விட்டுவிட முடியாது. டிரான்சில்வேனியக் கிராமம் ஒன்றில் பிறந்த ஷாண்டோர் கொரோஷி சோமா ஹங்கேரியரின் ஆதித் தாயகம் ஆசியாவில் எங்கோ இருக்கிறது என்று நம்பினார். அதைத் தேடிக் கால்நடையாகவே பெரும்பகுதி வழியைக் கடந்து இந்தியாவின் இமயமலைப் பகுதிக்கு வந்தார். லடாக்கிலும் சன்ஸ்கரிலும் குளிர்வாட்டும் மடாலய அறைகளில் அமர்ந்து திபெத்திய மொழியைக் கற்றார். அவருடைய திபெத்திய-ஆங்கில அகராதி 1834இல் கல்கத்தாவில் வெளிவந்தது. ஆசியச் சங்கத்தின் நூலகராக இருந்துவிட்டு, மறுபடியும் தாயகத்தைத் தேடிப் புறப்பட்ட வழியில் 1842 ஏப்ரலில் டார்ஜிலிங்கில் காய்ச்சலில் இறந்தார். தேடியது கிடைக்கவில்லை, தேடாத ஒரு மொழிக்கு அவர் அகராதி தந்துவிட்டுப் போனார். அவர் கோட்டிங்கெனில் நுழைந்த அதே 1816இல் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி, தென்னிந்திய மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, தனியொரு குடும்பம் என்பதை அச்சில் நிறுவினார். தன் குடும்பம் எது என்று அறியாமல் பெரிய வீடுகளின் நடுவே நின்ற மொழிகளுக்கு அந்த அரை நூற்றாண்டு ஒன்றன்பின் ஒன்றாக விலாசம் தந்துகொண்டிருந்தது. கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளை ஃபின்னிய-உக்ரிய மொழிகளுக்கு அருகில் நிறுத்தினார். அவற்றிலும் ஓப் ஆற்றங்கரையின் ஓஸ்தியக் மொழியோடு சிறப்பான நெருக்கம் இருப்பதாக எண்ணினார். அந்தக் கருத்து பின்னர் நிலைபெறவில்லை. ஆயினும் ஹங்கேரிய மொழியின் மிக நெருங்கிய உறவுகளில் ஒன்றான அந்த ஓஸ்தியக்கின் பெயரைத் தமிழ் ஆராய்ச்சியின் முதல் பெருநூலிலேயே நம் முன்னோர் படித்தார்கள். கான்ட்டி என்று இன்று வழங்கும் அந்த மொழி இந்தக் கட்டுரையில் மீண்டும் வரும்.

ஹங்கேரியரின் மனத்தில் ஆழ இறங்கிய ஓர் அச்சத்தைச் சொல்லாமல் அவர்களுடைய கல்வி முயற்சிகளைப் புரிந்துகொள்ள இயலாது. ஜெர்மன் சிந்தனையாளர் ஹெர்டர் 1791இல் மனிதகுல வரலாறு பற்றிய தம் நூலில், ஸ்லாவியர், ஜெர்மானியர், பிற இனத்தார் நடுவே ஹங்கேரியர் சிறுபான்மையாகிவிட்டதையும், சில நூற்றாண்டுகளில் அவர்களின் மொழியே காணக் கிடைக்காமல் போகலாம் என்பதையும் ஓரிரு வரிகளில் எழுதிவிட்டுப் போனார். பகைமையில் எழுதியதல்ல, போகிற போக்கில் சொன்ன கணிப்பு. ஆனால் அந்தச் சில வரிகள் ஒரு நாட்டையே உறங்கவிடவில்லை. 1825இல் இஷ்த்வான் செச்செனி தம் நிலங்களின் ஓராண்டு வருமானத்தை ஹங்கேரிய அறிவியற் கழகம் அமைக்கத் தருவதாக அறிவித்தார். 1844இல் ஹங்கேரிய மொழி ஆட்சிமொழியானது. அகராதிகள், அரங்கங்கள், இதழ்கள் எல்லாம் அந்த ஒற்றைக் கணிப்புக்கு எழுதப்பட்ட பதில்களாகவே தோன்றுகின்றன. ஹெர்டரின் நாட்டுத் தலைநகரிலேயே அந்த மொழிக்குப் பேராசிரியர் இருக்கை அமைந்தது, கிராகரின் காலத்தவர்க்கு எத்தகைய உணர்வைத் தந்திருக்கும் என்பதை நம்மால் ஊகிக்க முடியும். மொழி அழியும் என்று பிறர் சொல்லக் கேட்ட மனம் எப்படித் துடிக்கும் என்பது தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அந்த உணர்வு தழைத்த வேளையில்தான் இடி விழுந்தது. 1920 ஜூன் 4ஆம் நாள் திரியானோன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹங்கேரி தன் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட ஹங்கேரியர் ஒரே இரவில் அயல்நாட்டுக் குடிகளானார்கள். கிராகர் பிறந்த அரன்யோஷ்மரோட் செக்கோஸ்லோவாகியாவுக்குப் போனது. சோமா பிறந்த கொரோஷ் ருமேனியாவுக்குப் போனது. படை வைத்துக்கொள்ளக்கூட அளவு விதிக்கப்பட்ட நாட்டுக்கு, கல்வி ஒன்றே கையில் எஞ்சிய ஆயுதம் என்று 1922இல் கல்வி அமைச்சரான குனோ க்ளெபெல்ஸ்பெர்க் எண்ணினார். வியன்னாவிலும் பெர்லினிலும் 1924இல் மாணவர் இல்லங்கள் எழுந்தன. ரோமில் சற்றுப் பிந்தி. பெர்லின் இல்லத்துக்கும் கிராகரே பொறுப்பாளர். போர்க்காலத் தோழமைக்காகப் பிறந்த நிறுவனம் இப்போது தோல்வியின் ஆறுதலாக மாறிற்று. இழந்த நிலத்தை மீட்கும் கனவும் அந்த ஆறுதலுக்குள்ளே புகைந்துகொண்டிருந்தது. அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது.

ஆனால் கிராகரின் அறைக்குள் நடந்த வேலைக்கு அந்தப் புகை அவ்வளவாக எட்டவில்லை. ஹங்கேரியைப் படிப்பது என்றால் மொழியை மட்டும் படிப்பதாகாது. வரலாறு, இலக்கியம், நிலவியல், சட்டம், பொருளியல் எல்லாம் ஒருங்கே சேர்ந்த ஓர் அறிவுத்துறை அது என்று அவர் கருதினார். ஹங்கேரியியல் என்ற சொல்லுக்கு உயிர் வந்தது அவர் வட்டத்தில்தான். 1921இல் ஹங்கேரிய ஆண்டிதழைத் தொடங்கினார். ஹங்கேரிய நூலகங்களில் இருந்த ஜெர்மன் கையெழுத்துச் சுவடிகளைத் தொகுத்துப் பட்டியலிட்டார். ஹங்கேரியைப் பற்றிப் பிற மொழிகளில் வந்த நூல்களையெல்லாம் அடக்கும் பெரும் நூற்பட்டியலை 1923இல் வெளியிடத் தொடங்கினார். அது முற்றுப்பெற்றது 1929இல், அவர் மறைந்த பிறகு. பட்டியல் போடுவது புகழ் தராத வேலை. முதுகு ஒடியும், நன்றி சொல்வார் இருக்க மாட்டார். எனினும் ஒரு துறையை உண்மையில் நிறுவுபவர் பேருரை நிகழ்த்துபவரைக் காட்டிலும் இந்தக் குறிப்பெழுத்தர்தாம் என்பது, சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்களின் வழியில் வந்த நமக்கு நன்றாகவே புரியும்.

அந்த ஆண்டுகளில் கிராகரின் கைக்கு வந்த ஒரு கண்டெடுப்பைத்தான் இந்த நிறுவனத்தின் முழுக் கதைக்கும் நடுநாயகமாக நான் வைத்துப் பார்க்கிறேன். 1914 ஆகஸ்டில் ஜெர்மன் படைகள் பெல்ஜியத்தின் லூவன் நகருக்குள் புகுந்தபோது பல்கலைக்கழக நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம் நூல்கள் சாம்பலாயின. எரிந்த நூலகத்துக்கு ஈடாக நூல்கள் தர வேண்டும் என்று வெர்சேய் ஒப்பந்தத்தின் 247ஆம் பிரிவு ஜெர்மனிக்கு விதித்தது. அதற்காக 1922இல் மூனிக் நகரின் பழம்புத்தக வணிகர் ஒருவரிடமிருந்து சுவடிகள் வாங்கப்பட்டன. அவற்றில் லத்தீன் மறையுரைகள் அடங்கிய ஒரு தோற்சுவடியில், லத்தீன் வரிகளுக்கு நடுவே, வேறொரு மொழியில் ஒரு பாட்டு இருந்தது. சிலுவையில் மாயும் மகனைப் பார்த்துத் தாய் மரியா அழும் புலம்பல். மொழி, ஹங்கேரியம். காலம், ஏறக்குறைய கி.பி. 1300. ஹங்கேரிய மொழியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கவிதை அது. கிராகர் 1923இல் அதை உலகுக்கு வெளியிட்டார்.

இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹங்கேரிய மொழியின் மிகப் பழைய தொடர்ச்சியான உரைநடை 1195 அளவில் எழுதப்பட்ட ஓர் இறப்புச் சடங்கு உரை. மிகப் பழைய கவிதை, மகனைப் பறிகொடுத்த தாயின் ஒப்பாரி. இந்த இரண்டுமே மரணத்தின் ஓரத்தில் பிறந்தவை. அந்த ஒப்பாரி 600 ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்து, ஐரோப்பாவின் தாய்மார்களெல்லாம் மகன்களை இழந்து அழுதுகொண்டிருந்த ஒரு பத்தாண்டின் முடிவில் வெளிப்பட்டது. நூலகம் எரியாமல் இருந்திருந்தால் அந்தச் சுவடி எந்தச் செல்வரின் அலமாரிக்குள் போயிருக்குமோ, சொல்ல முடியாது. எரித்த நாட்டின் தலைநகரில், எரித்தவர்களுக்குத் தோழமையாயிருந்து தானும் தோற்ற நாட்டின் மகன் ஒருவர், அதைப் படித்து எழுத்துக்கூட்டி வெளியிட்டார். சுவடி ஈட்டுப்பொருளாக லூவனுக்குப் போனது. அந்த நூலகம் 1940 மே மாதம் மீண்டும் எரிந்தது. இம்முறை ஒன்பது லட்சம் நூல்கள் அழிந்தன. அந்த நெருப்பிலிருந்தும் இந்தச் சுவடி தப்பியது. 1982இல் ஒரு பரிமாற்றத்தின் வழியே புடாபெஸ்டின் தேசிய நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அழிவுக்கு நன்றி சொல்ல நமக்கு மனம் வராது, வரவும் கூடாது. ஆனால் அழிவின் கணக்கேட்டின் ஓரத்தில் இப்படி ஒரு வரவு எழுதப்பட்டிருப்பதைக் கண்டும் காணாததுபோல் போய்விடவும் முடியவில்லை.

கிராகரின் நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தவர்களிலும் லூவனின் நிழல் விழுந்திருந்தது. அங்கே பேராசிரியராக இருந்து போரால் இடம்பெயர்ந்த வில்லி பாங், பெர்லினின் ஹங்கேரிய நிறுவனத்தில் அமர்ந்துதான், நடு ஆசியாவின் துர்ஃபான் பாலைநிலத்திலிருந்து வந்த பழந்துருக்கிய ஏடுகளைப் படித்தார். ஹங்கேரியத்துக்கென்று போட்ட திண்ணையில் துருக்கியமும் ஃபின்னியமும் சைபீரியப் பழங்குடி மொழிகளும் வந்து இளைப்பாறின. 1926 நவம்பரில், 39 வயதில், கிராகர் இறந்தார். பத்தே ஆண்டுகள். அதற்குள் ஒரு துறை, ஒரு இதழ், ஒரு மாணவர் இல்லம், ஒரு நூற்பட்டியல், மொழியின் முதல் கவிதை.

1928இல் அவர் இடத்துக்கு டியூலா ஃபர்கஷ் வந்தார். கல்வியறிவில் குறைந்தவரல்லர். ஆனால் ஐந்தாண்டுகளில் பெர்லினின் வானம் இருண்டது. நிறுவனத்தில் உதவியாளராகப் பணியாற்றிய வோல்ஃப்காங் ஷ்டைனிட்ஸ் யூதர், கம்யூனிஸ்டும்கூட. 1933இல் வேலை போயிற்று. அடுத்த ஆண்டு சோவியத் நாட்டுக்குப் போனார். அவருக்கு ஃபின்னிய-உக்ரிய மொழியியலைக் கற்பித்த எர்ன்ஸ்ட் லேவியும் பெர்லின் பல்கலைக்கழகத்தை இழந்து அயர்லாந்தில் அடைக்கலம் தேடினார். ஃபர்கஷ் 1938இல் வெளியிட்ட நூல், ஹங்கேரிய இலக்கியத்துக்குள் வந்து கலந்த ஜெர்மானியரையும் யூதரையும் பிறப்பால் பிரித்து எடைபோட்டது. ஒரு மொழியைத் தன் மொழியாக ஏற்று அதில் எழுதியவரை, உன் பாட்டன் யார் என்று கேட்டு வாசலில் நிறுத்திய அந்தக் கேள்வி அந்நாளின் காற்றிலேயே இருந்தது. ஆயினும் ஒரு மொழியின் பெயரால் அமைந்த இல்லத்தின் தலைவர் அதைக் கேட்டார் என்பது இன்று படிக்கும்போதும் வலிக்கிறது. கிராகர் என்பதே ஜெர்மன் பெயர் என்பதையும், ஹங்கேரிய ஒப்பியலின் தந்தை புடென்ஸ் ஜெர்மானியராய்ப் பிறந்தவர் என்பதையும் அந்த நிறுவனத்தின் சுவர்கள் அறியும். ஆண்டிதழ் 1943இல் நின்றது. மாளிகை விழுந்தது. போருக்குப் பின் ஃபர்கஷ் கோட்டிங்கெனுக்குப் போனார். ட்யார்மதியும் சோமாவும் புடென்ஸும் நடந்த ஊர். அங்கிருந்து 1952இல் பழைய இதழை ஊரல்-அல்தாய் ஆண்டிதழ் என்ற புதுப் பெயரில் உயிர்ப்பித்தார். 1958இல் இறந்தார்.

துரத்தப்பட்டவரின் வழி வேறாக இருந்தது. லெனின்கிராடில் வடபுல மக்களுக்கான கல்வி நிறுவனத்தில் ஷ்டைனிட்ஸ் கற்பித்தார். 1935இல் ஓப் ஆற்றங்கரைக்குப் போய், கான்ட்டி மக்களோடு தங்கி, அவர்களுடைய பாடல்களையும் கதைகளையும் சொற்களையும் எழுதிக்கொண்டார். கால்டுவெல் தம் மேசையிலிருந்து ஓஸ்தியக் என்று சுட்டிய அதே மக்கள். அயல்நாட்டார் எல்லோரும் ஐயத்துக்கு உரியவர்களான ஆண்டுகளில் சோவியத் நாட்டையும் விட்டு வெளியேற நேர்ந்தது; ஸ்வீடனில் போர்க்காலத்தைக் கழித்தார். 1946இல் இடிந்து கிடந்த பெர்லினுக்குத் திரும்பினார். எந்தப் பல்கலைக்கழகம் வெளியே தள்ளியதோ, அதே இடத்தில், ஹும்போல்ட் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கூடத்தில், ஃபின்னிய-உக்ரியவியலின் பேராசிரியரானார். ஜெர்மன் உழைக்கும் மக்களின் எதிர்ப்புப் பாடல்களையும் இரண்டு பெரும் தொகுதிகளாகத் திரட்டினார். எழுபதுகளில் மேற்கு ஜெர்மனியின் இளைஞர்கள் கிதாரோடு அவற்றை மேடைகளில் பாடினார்கள்.

ஆக, வில்லியம் பேரரசு, வைமார் குடியரசு, நாஜிக் காலம், கிழக்கு ஜெர்மனி, இன்றைய ஒன்றுபட்ட ஜெர்மனி என்று ஐந்து ஆட்சிகளை ஹங்கேரியக் கல்வி அந்த நகரில் பார்த்துவிட்டது. ஒவ்வொரு ஆட்சியும் அதைத் தன் காரணத்துக்காக வைத்துக்கொண்டது: ஒன்றுக்குப் போர்த்தோழமை, ஒன்றுக்கு அயலுறவு நல்லெண்ணம், ஒன்றுக்கு அச்சு நாடுகளின் நட்பு, ஒன்றுக்கு சோசலிச சகோதரத்துவம். இப்போது கேட்கப்படும் கேள்வி எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள் என்பது. முந்தைய கேள்விகளைவிட இது மென்மையானது. ஆனால் கதவைச் சாத்தும் வலிமை இதற்கும் உண்டு. கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறை மூடப்படும் நிலை வந்து, 2021இல் தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் ஒதுக்கியதை நாம் மறக்கவில்லை. இரவல் திண்ணையில் அமர்ந்தவர்களுக்கு வீட்டுக்காரரின் முகம் எப்போது மாறும் என்ற கவலை எப்போதும் இருக்கும். மறுபுறம், தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய, ஃபின்னிய-உக்ரியத் துறை ஒன்று இருக்கிறது. அங்கே ஹங்கேரிய மொழி கற்கும் இந்திய மாணவர்கள் இருக்கிறார்கள். சோமா நடந்து வந்த நாடு அவர் மொழிக்குத் தன் திண்ணையில் இடம் தந்திருக்கிறது.

ஷ்டைனிட்ஸ் தம் வாழ்நாள் உழைப்பைக் கான்ட்டி மொழியின் வட்டார வழக்கு, சொற்பிறப்பு அகராதியில் வைத்தார். சில ஆயிரம் பேர் பேசும் ஒரு மொழிக்கு, அதன் ஒவ்வொரு ஆற்றுக்கிளையின் பேச்சுவழக்கையும் பிரித்துக் காட்டி, ஒவ்வொரு சொல்லின் உறவையும் தேடி எழுதிய அகராதி. முதல் பகுதி 1966இல் அச்சேறியது. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். மாணவர்கள் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள். எழுபதுகள் போயின, எண்பதுகள் போயின, ஒரு நவம்பர் இரவில், அவர்கள் வேலை பார்த்த அறைகளிலிருந்து நடந்து போகும் தொலைவில், பெர்லின் சுவர் இடிந்தது. அந்த அகராதியைத் தொடங்கிவைத்த நாடு 1990இல் வரைபடத்திலிருந்து போனது. அகராதியின் கடைசிப் பகுதி 1993இல் வெளிவந்தது.